சைகைத் திருட்டு வழக்கு: விசாரணை முடியும் முன்பே ஊடகம் தீர்ப்பு எழுதியதா?

மஞ்சளும்_நீலமும் (இழையைத் தொடங்கியவர்)

மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியின் சைகைத் திருட்டு வழக்கில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வின் விதிமீறல் குழு 2025 ஆகஸ்ட் 15 அன்று தன் தீர்ப்பை வெளியிட்டுவிட்டது. தண்டனை கூடுதலா குறைவா என்று ஏற்கெனவே மூன்று இழைகளில் அடித்துக்கொண்டிருக்கிறோம், அதனால் அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். நான் பேச விரும்புவது செய்தி வெளியான விதத்தைப் பற்றி.

2023 அக்டோபர் 19 அன்று யாஹூ ஸ்போர்ட்ஸ் முதல் செய்தியை வெளியிட்டது. நான்கே நாளில், கானர் ஸ்டாலியன்ஸ் என்ற எங்கள் அணியின் கடைநிலை ஊழியர் மூன்று ஆண்டுகளில், மிச்சிகன் ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் 11 பல்கலைக்கழகங்களில் 30க்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்குத் தன் பெயரிலேயே டிக்கெட் வாங்கியிருந்ததாக ஈ.எஸ்.பி.என். விளையாட்டுத் தொலைக்காட்சி சொன்னது. நவம்பர் 3 அன்று அவர் பதவி விலகினார். நவம்பர் 10 அன்று, அணி பென் ஸ்டேட் ஆட்டத்துக்குப் புறப்பட்ட நாளில், பிக் டென் ஆணையர் டோனி பெட்டிட்டி தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவை மூன்று ஆட்டங்களுக்குக் களத்தோரம் வரக்கூடாது என்று தடுத்தார். அப்போது என்.சி.ஏ.ஏ. குற்றச்சாட்டுப் பத்திரம்கூட வழங்கியிருக்கவில்லை. மூன்று வாரச் செய்தி வெள்ளத்தில் உருவான அழுத்தமே அந்த முடிவை எடுக்க வைத்தது என்பது என் வாதம்.

அடிப்படையையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பல செய்திகள் இதைத் தெளிவாகச் சொல்லவே இல்லை. எதிரணி களத்தோரத்தில் காட்டும் சைகைகளை ஆட்டத்தின்போது பார்த்துப் புரிந்துகொள்வது விதிமீறல் அல்ல, எல்லா அணிகளும் செய்வதுதான். அதே பருவத்தில் தாம் மோதவிருக்கும் அணியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி நேரில் உளவு பார்ப்பதைத்தான் 1994ஆம் ஆண்டு விதி தடுக்கிறது. அந்த விதியும் பெரும்பாலும் பயணச் செலவைக் குறைக்கக் கொண்டுவரப்பட்டது. "சைகைத் திருட்டு" என்று இரண்டே சொல்லில் தலைப்பு வைத்தவர்கள், படித்தவர் மனத்தில் திருட்டு என்ற சொல்லை மட்டும் தங்க வைத்தார்கள்.

ஒலெண்டாங்கி_கரை

நண்பர் மஞ்சளும்_நீலமும் அவர்களுக்கு, ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பஸிலிருந்து வணக்கம். பகை அணிக்காரனாக இருந்தாலும் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. இதே வருத்தத்தை 2011இல் நாங்கள் அடைந்தபோது உங்கள் ஊரான ஆன் ஆர்பரிலிருந்து எங்களுக்கு வந்த ஆறுதல் மொழிகளையும் நான் மறக்கவில்லை.

2010 டிசம்பர் 23 அன்று டெரல் பிரையர் உள்ளிட்ட ஐந்து ஒஹாயோ ஸ்டேட் வீரர்களுக்கு அடுத்த பருவத்தில் ஐந்து ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. பச்சை குத்தும் கடை உரிமையாளர் ஒருவரிடம் தங்கள் மோதிரங்களையும் நினைவுப் பொருள்களையும் விற்றதுதான் குற்றம். விற்றவற்றுள் "கோல்டு பேன்ட்ஸ்" என்ற சிறிய தங்கப் பதக்கமும் இருந்தது. மிச்சிகனை வென்றால் ஒவ்வொரு வீரருக்கும் கொடுக்கப்படும் அரைக்கால்சட்டை வடிவப் பதக்கம் அது, கட்டைவிரல் நுனி அளவுகூட இராது. இதற்காகப் பிரையர் ஒரு தொண்டு நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டியிருந்த தொகை 2,500 டாலர். இதற்குத்தான் நாடு முழுவதும் மாதக்கணக்கில் தலைப்புச் செய்தி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2011 மார்ச் 7 அன்று யாஹூ ஸ்போர்ட்ஸ்தான், ஆம், அதே யாஹூதான், பயிற்சியாளர் ஜிம் ட்ரெஸ்ஸலுக்கு இந்த விற்பனை பற்றி முந்தைய ஏப்ரலிலேயே தெரியும் என்று எழுதியது. ஒரு வழக்கறிஞர் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார், அவர் அதைப் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லவில்லை. மறுநாள் செய்தியாளர் கூட்டத்தில் அவரை நீக்குவீர்களா என்று கேட்டபோது, அவர் என்னை நீக்காமல் இருந்தால் சரி என்ற பொருளில் எங்கள் பல்கலைக்கழகத் தலைவர் கோர்டன் கீ நகைச்சுவையாகப் பதில் சொன்னார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த எங்களுள் பாதிப் பேர் கைதட்டினோம். மூன்று மாதம்கூட ஆகவில்லை, மே 30 அன்று ட்ரெஸ்ஸல் விலகினார்.

ஊடகம் எங்களை வேட்டையாடுகிறது என்று அந்த மூன்று மாதமும் சொல்லிக்கொண்டிருந்தேன். செய்தியில் இருந்தது உண்மை என்பதை மட்டும் நான் கவனிக்க மறுத்தேன்.

மஞ்சளும்_நீலமும்

ட்ரெஸ்ஸல் வழக்கில் மின்னஞ்சல் என்ற எழுத்து ஆதாரம் இருந்தது. எங்கள் வழக்கில் முதல் வாரச் செய்திகள் அனைத்தும் "தகவலறிந்த வட்டாரங்கள்" சொன்னவை. அந்த வட்டாரம் யார், அவருக்கு இதில் என்ன இலாபம் என்று எந்தச் செய்தியும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2023 பருவத்திலிருந்து பிக் டென் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய மூன்றுக்கும் போய்விட்டது. ஏழாண்டுக்கு ஏழு பில்லியன் டாலருக்கு மேல். ஈ.எஸ்.பி.என். கையில் பிக் டென் இல்லை, அதன் போட்டிக் கூட்டமைப்பான எஸ்.இ.சி. இருக்கிறது. தான் ஒளிபரப்பாத அணியின் குற்றத்தைத் தோண்டுவதில் ஒரு நிறுவனம் கூடுதல் ஆர்வம் காட்டும் என்று சந்தேகிப்பது குற்றமா?

ஒலெண்டாங்கி_கரை

சந்தேகிக்கலாம். ஆனால் முதல் செய்தி யாஹூவினுடையது, தனியார் புலனாய்வு நிறுவனம் ஒன்று என்.சி.ஏ.ஏ.விடம் ஆதாரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது என்ற செய்தி வாஷிங்டன் போஸ்ட்டினுடையது. இவர்களிடம் எந்த ஒளிபரப்பு உரிமையும் இல்லை. எங்கள் ட்ரெஸ்ஸலை ஈ.எஸ்.பி.என். துளைத்தெடுத்த 2011இல் பிக் டென் ஆட்டங்களை ஒளிபரப்பியதும் அதே ஈ.எஸ்.பி.என்.தான். உங்கள் கணக்குப்படி அப்போது அவர்கள் எங்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும். அவர்களுடைய சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியில் உங்கள் முன்னாள் வீரர் டெஸ்மண்ட் ஹோவர்டும் எங்கள் முன்னாள் வீரர் கர்க் ஹெர்ப்ஸ்ட்ரீட்டும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதிவறை_வாசி

இரண்டு பேரும் அணியைப் பார்க்கிறீர்கள். கல்லூரி நாளில் மாணவர் இதழில் இரண்டாண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில், செய்தி எந்த வழியாக வெளியே வருகிறது என்பதைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என்.சி.ஏ.ஏ.வுக்கு நீதிமன்றத்தைப் போல அழைப்பாணை அனுப்பும் அதிகாரம் இல்லை. உறுப்புப் பல்கலைக்கழகத்தின் ஊழியரையும் மாணவரையும் மட்டுமே அது கட்டாயப்படுத்திக் கேட்க முடியும். கார் விற்பவர், முகவர், பணக்கார ஆதரவாளர் ஆகியோர் கதவைச் சாத்திக்கொண்டால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. விசாரணை நடக்கும்போது அதைப் பற்றி வாய்திறப்பதும் இல்லை. ஆகவே, வழக்கு ஓடும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் அதிகாரப்பூர்வமாகப் பேச ஒருவரும் இருப்பதில்லை. பேச ஆளில்லாத அந்த இடத்தை நிரப்புபவர், பேசுவதால் ஆதாயம் உள்ளவர். அவருக்குச் செய்தியாளர் வைக்கும் பெயர்தான் தகவலறிந்த வட்டாரம்.

இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த சான்று மிசிசிப்பி பல்கலைக்கழக வழக்கு, அதாவது ஓல் மிஸ். 2016 ஜனவரியில் அவர்களுக்குக் குற்றச்சாட்டுப் பத்திரம் வந்தது. வந்த வேகத்திலேயே, குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை முந்தைய பயிற்சியாளர் ஹூஸ்டன் நட் காலத்தவை, மற்றவை வேறு விளையாட்டுகளைச் சேர்ந்தவை என்ற செய்தி பரவியது. பல செய்தியாளர்கள் நம்பி எழுதினார்கள். மே மாதம் பத்திரம் வெளியிடப்பட்டபோது ஃபுட்பால் தொடர்பான 13 குற்றச்சாட்டுகளில் 9, அன்றைய பயிற்சியாளர் ஹியூ ஃபிரீஸ் காலத்தவை என்று தெரிந்தது. பல்கலைக்கழகமே பின்வாசல் வழியாகத் தன் முன்னாள் பயிற்சியாளர் மீது பழியைத் தள்ளியது என்று நட் 2017 ஜூலையில் வழக்குத் தொடுத்தார்.

அதன் பின் நடந்ததை எந்தக் கதாசிரியரும் துணிந்து எழுதமாட்டார். செய்தியாளர்களுடன் ஃபிரீஸ் எப்போது பேசினார் என்று நிறுவ, நட் தரப்பு வழக்கறிஞர், அரசு நிறுவனங்களின் ஆவணங்களை யாரும் கேட்டுப் பெற வழிசெய்யும் பொதுப் பதிவேட்டுச் சட்டத்தின்கீழ் அவருடைய அலுவலகத் தொலைபேசிப் பட்டியலைக் கேட்டு வாங்கினார். தேடியது செய்தியாளர் எண்களை. அகப்பட்டது, 2016 ஜனவரியில் ஓர் எண்ணுக்குப் போன ஒரு நிமிட அழைப்பு. அது பணத்துக்குத் துணையாகப் பெண்களை அனுப்பும் "எஸ்கார்ட்" சேவை ஒன்றோடு தொடர்புடைய எண். 2017 ஜூலை 20 அன்று ஃபிரீஸ் பதவி விலகினார், அக்டோபரில் பல்கலைக்கழகம் நட்டிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

ஆகவே, ஊடகம் எங்கள் அணிக்கு எதிரி என்ற புகாரை விட, ஊடகம் யாருடைய கையாளாகத் தெரியாமலே மாறுகிறது என்ற புகார் வலுவானது. ஓல் மிஸ் ரசிகர்கள் 2016 ஜனவரியில் அந்தச் செய்திகளைப் பற்றி முணுமுணுக்கக்கூட இல்லை, ஏனெனில் பொய் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது.

டல்லாஸ்_பெரியவர்

தம்பிகளே, நீங்கள் பேசும் வழக்குகளுக்கெல்லாம் மூத்த வழக்கு எங்கள் ஊரில் நடந்தது. 1986 நவம்பர் 12 அன்று டபிள்யூ.எஃப்.ஏ.ஏ. தொலைக்காட்சியில் வந்த நிகழ்ச்சியை நான் பார்த்தேன். அமெரிக்காவுக்கு வந்து இரண்டாவது ஆண்டு, ஃபுட்பால் விதி எதுவும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டதால் போய் உட்கார்ந்தேன்.

சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர் டேவிட் ஸ்டான்லி, சேர்வதற்கு 25,000 டாலரும் பிறகு மாதந்தோறும் பணமும் பெற்றதாகக் கேமரா முன் முகம் காட்டிச் சொன்னார். அதன் பின் விளையாட்டுச் செய்தியாளர் டேல் ஹேன்சன், பல்கலைக்கழகத்தின் மூன்று அதிகாரிகளுக்கு எதிரே உட்கார்ந்தார். பணம் வந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் உறை. அதன் மூலையில் ஆட்சேர்ப்புப் பொறுப்பாளர் ஹென்றி லீ பார்க்கரின் முதலெழுத்துகள். அதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஹேன்சன் காத்திருந்தார். பார்க்கர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததும், அருகில் இருந்த இருவரும் அவரைப் பார்த்ததும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். நிகழ்ச்சி முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

1987 பிப்ரவரி 25 அன்று என்.சி.ஏ.ஏ. அந்தப் பருவத்தையே இரத்து செய்தது. மரண தண்டனை என்று அதற்குப் பெயர். அடுத்த ஆண்டும் விளையாட இயலாமல் பல்கலைக்கழகமே நிறுத்திக்கொண்டது. ஒரு வாரத்துக்குள், அந்தப் பல்கலைக்கழக ஆளுநர் குழுவின் தலைவராக முன்பு இருந்தவரும் அப்போது டெக்சாஸ் மாநில ஆளுநராகப் பதவியில் இருந்தவருமான பில் கிளெமென்ட்ஸ், வீரர்களுக்குப் பணம் கொடுப்பது தொடரட்டும் என்று முடிவெடுத்தவர்களில் தானும் ஒருவர் என்று ஒப்புக்கொண்டார். அதன் பின் அந்த அணி, பருவ முடிவில் நன்றாக ஆடிய அணிகள் அழைக்கப்படும் பவுல் ஆட்டம் ஒன்றில் ஆட 2009 வரை ஆயிற்று.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது தனியார் பல்கலைக்கழகம். பதிவறை_வாசி சொல்லும் பதிவேட்டுச் சட்டம் அதற்குப் பொருந்தாது. உள்ளே இருந்த ஒருவர் வெளியே வந்து பேசியிராவிட்டால் எந்தத் தாளும் வெளியே வந்திராது. அன்று சாட்சி முகம் காட்டிப் பேசினார், கேள்வி கேட்டவரும் முகம் காட்டிக் கேட்டார். இன்று ஒரு செய்தியின் கீழ் மூன்று பெயரில்லா வட்டாரங்கள் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த உறை நினைவுக்கு வருகிறது.

சேப்பல்ஹில்_முன்னாள்

பெரியவர் ஐயாவின் பதிவைப் படித்த பின் எங்கள் வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் ஊரில் செய்தி வந்தது, தண்டனையும் வந்தது. எங்கள் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் செய்தி வந்துகொண்டே இருந்தது, தண்டனை மட்டும் வரவில்லை.

ராலியின் நியூஸ் அண்ட் அப்சர்வர் நாளிதழில் டேன் கேன் என்ற செய்தியாளர் 2011 முதல் ஆண்டுக்கணக்கில் எழுதினார். வகுப்பே நடக்காமல் மதிப்பெண் மட்டும் வழங்கிய ஒரு துறையைப் பற்றி ஒவ்வொரு தாளாகத் தேடி எழுதினார். எங்கள் ரசிகர்கள் அவரைத் திட்டாத சொல் இல்லை, நானும் திட்டியிருக்கிறேன். 2014 அக்டோபரில் பல்கலைக்கழகமே நியமித்த வெயின்ஸ்டைன் அறிக்கை வந்தபோது, 18 ஆண்டுகளில் 3,100 மாணவர்கள் அத்தகைய வகுப்புகளில் பதிந்திருந்தார்கள் என்று தெரிந்தது. அவர் எழுதியதை விடவும் அது பெரிதாக இருந்தது. ஆனால் 2017 அக்டோபர் 13 அன்று என்.சி.ஏ.ஏ. பல்கலைக்கழகத்துக்கு எந்தத் தண்டனையும் வழங்கவில்லை. அந்த வகுப்புகள் விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமல்லாமல் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆகவே தன் விதியை மீறியதாகச் சொல்ல முடியாது என்பது அதன் விளக்கம்.

அன்று எங்கள் ஆட்கள் "பார்த்தீர்களா, ஊடகம் சொன்னது பொய்" என்று கொண்டாடினார்கள். ஊடகம் சொன்ன ஒரு வரியும் பொய் இல்லை. அது விதிமீறல் ஆகுமா என்ற கேள்விக்கு மட்டுமே தீர்ப்பு பதில் சொன்னது. மிச்சிகன் நண்பரே, நீங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்குகிறீர்கள் என்பது என் எண்ணம்.

ஒரு சிறு குறிப்பும். 2011இல் எங்கள் வீரர் ஒருவர் தொடுத்த வழக்கில் அவருடைய கட்டுரை ஆவணமாக நீதிமன்றத்தில் தாக்கலானது. அதில் வரி வரியாக நகலெடுத்த பகுதிகள் இருந்ததைக் கண்டுபிடித்தவர்கள் செய்தியாளர்கள் அல்லர். எதிரணியான என்.சி. ஸ்டேட்டின் இரசிகர்கள், நம்மைப் போல இணையத்தில் உட்கார்ந்து பொழுதுபோக்கியவர்கள்.

ஒலெண்டாங்கி_கரை

சேப்பல்ஹில் நண்பர் நல்லதை எடுத்துக் கொடுத்தார். மிச்சிகன் வழக்கிலும் அதுதான் நடந்தது. 2023 செப்டம்பர் 1 அன்று மிச்சிகன் ஸ்டேட் என்ற வேறொரு பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில், சென்ட்ரல் மிச்சிகன் அணியின் களத்தோரத்தில், அந்த அணியின் தொப்பியும் சட்டையும் அணிந்து ஒருவர் நின்றிருந்தார். ஸ்டாலியன்ஸின் பெயர் வெளிவந்த பின்பு, பழைய ஒளிபரப்பை ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி, இது அவர்தானே என்று கேட்டவர்கள் ரசிகர்கள். பெரிய ஊடகங்கள் அவர்களைப் பின்தொடர்ந்தன. ஊடகத்தைக் குறைசொல்லும் நாம், அதே வேலையை எந்தப் பொறுப்பும் இல்லாமல், தவறானால் திருத்தம் வெளியிட வேண்டிய கட்டாயமும் இல்லாமல் செய்கிறோம்.

மட்டுறுத்துநர்

எதிரணிப் பயிற்சியாளர் ஒருவரின் குடும்பத்தாரைப் பற்றி எந்த ஆதாரமும் இல்லாத இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. மேலே உள்ள பதிவின் கடைசி வரியை எழுதியவர் கண்முன்னே அதை நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை.

விக்டரி_பெல்

தெற்கு கலிபோர்னியாவிலிருந்து ஒரு குரல். எங்கள் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக அணியின் ரெஜ்ஜி புஷ் குடும்பம் முகவர்களிடம் சலுகை பெற்றதாக யாஹூ எழுதியது 2006 செப்டம்பரில். என்.சி.ஏ.ஏ. தண்டித்தது 2010 ஜூன் 10இல். இரண்டாண்டு பவுல் தடையும் 30 உதவித்தொகை இடங்களின் குறைப்பும் விழுந்தபோது, புஷ் நியூ ஆர்லியன்ஸ் தொழில்முறை அணியில் சேர்ந்து சூப்பர் பவுல் கோப்பையே வாங்கியிருந்தார். தடையை அனுபவித்தவர்கள் 2006இல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். சிறந்த கல்லூரி வீரருக்கான, அவர் திருப்பிக்கொடுத்த ஹைஸ்மன் கோப்பை 2024 ஏப்ரலில் மீண்டும் அவரிடமே வந்தது.

இடையில் என்ன மாறியது? 2021 ஜூலை முதல் வீரர்கள் தம் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே வீரர்களுக்குப் பணம் பங்கிடலாம், முதல் ஆண்டின் உச்சவரம்பு 20.5 மில்லியன் டாலர். அன்று செய்தியாளர்கள் ஊழல் என்று எழுதியதை இன்று அதே செய்தியாளர்கள் ஒப்பந்தம் என்று எழுதுகிறார்கள். அன்றே விதி மீறப்பட்டது என்பதோடு, இந்த விதி யாருக்காக, யாருடைய பணத்தைக் காப்பதற்காக இருக்கிறது என்றும் கேட்டிருக்க வேண்டும். கேட்டவர்கள் மிகச் சிலர். என் குறை இதுதான், சார்பு பற்றியது அல்ல.

பதிவறை_வாசி

விக்டரி_பெல் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். விதியைக் கேள்வி கேட்பதற்கு வட்டாரம் தேவையில்லை, சிந்தனை தேவை. அது காலை ஏழு மணிச் செய்திக்கு உதவாது.

மிச்சிகன் நண்பரின் முதல் கேள்விக்கு வருகிறேன். விசாரணை முடியும் வரை ஊடகம் காத்திருக்க வேண்டும் என்றால், விசாரிப்பவரை யார் விசாரிப்பது? மயாமி பல்கலைக்கழக வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிறையில் இருந்த நெவின் ஷபீரோ என்ற மோசடிக்காரர் 72 வீரர்களுக்குச் சலுகை வழங்கியதாகச் சொன்னதை 2011 ஆகஸ்டில் யாஹூ வெளியிட்டது. அதைத் தொடர்ந்து துருவிய என்.சி.ஏ.ஏ. அதிகாரிகள், தங்களுக்கு இல்லாத அழைப்பாணை அதிகாரத்தைக் குறுக்குவழியில் அடைய, ஷபீரோவின் வழக்கறிஞருக்கே பணம் கொடுத்து, திவால் வழக்கின் சாட்சி விசாரணையில் தங்கள் கேள்விகளைக் கேட்க வைத்தார்கள். 2013 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. தலைவர் மார்க் எம்மர்ட் அதைத் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார்.

பதிவேட்டுச் சட்டமும் சர்வரோக நிவாரணி அல்ல. ட்ரெஸ்ஸல் விவகாரத்தின் ஆவணங்களைக் கேட்டு ஈ.எஸ்.பி.என். ஒஹாயோ ஸ்டேட் மீது தொடுத்த வழக்கில், மாணவர் தனியுரிமைச் சட்டத்தைக் காட்டி பல்கலைக்கழகம் மறுத்தது பெரும்பாலும் சரியே என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லிவிட்டது. மாணவரைக் காக்க வந்த சட்டம் நிர்வாகத்துக்குக் குடையாகிறது.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வழக்கை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அது என்.சி.ஏ.ஏ. விதி பற்றியதல்ல, ராகிங் பற்றியது, ஆனால் பொருத்தமானது. 2023 ஜூலை 7 அன்று, விசாரணை முடிந்தது என்று அறிவித்து, பயிற்சியாளருக்கு இரண்டு வாரத் தற்காலிக நீக்கத்தோடு நிர்வாகம் கோப்பை மூடியது. மறுநாள் மாணவர் இதழான டெய்லி நார்த்வெஸ்டர்ன் முன்னாள் வீரர் சொன்னதை வெளியிட்டது. ஜூலை 10 அன்று பயிற்சியாளர் நீக்கப்பட்டார். அங்கே விசாரணை முடியும் வரை காத்திருந்திருந்தால், விசாரணை முடிந்துதான் இருந்தது.

மஞ்சளும்_நீலமும்

மூன்று நாள் இந்த இழைக்கு வரவில்லை. கோபத்தில் அல்ல, தீர்ப்பின் முழு உரையை உட்கார்ந்து படித்தேன். அதுவரை நான் படித்திருந்தது தீர்ப்பைப் பற்றிய செய்திகளை மட்டுமே. அதுவும் என் புகாருக்குள் அடங்கும் என்பது இப்போது உறைக்கிறது.

முதலில் என் பக்கத்தைச் சொல்கிறேன். தீர்ப்பு வந்த அன்று கண்ணில் பட்ட தலைப்புகள் எல்லாம் இரண்டே செய்திகளைச் சுற்றின: வெற்றிகள் பறிக்கப்படவில்லை, அபராதம் 20 மில்லியன் டாலரைத் தாண்டலாம். பவுல் தடை ஏன் இல்லை என்பதற்குக் குழு எழுதிய காரணம் பல இடங்களில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. தடை விதிக்க முகாந்திரம் இருந்தும், தவறு செய்தவர்கள் போன பின் அப்போது அணியில் இல்லாத மாணவர்களைத் தண்டிப்பது முறையல்ல என்று கருதி, இரண்டு பருவங்களின் பருவப்பிந்தைய வருவாய்க்கு ஈடான தொகையை அபராதமாக மாற்றியிருக்கிறார்கள். விக்டரி_பெல் சொன்ன அநீதியைத் தவிர்க்க என்.சி.ஏ.ஏ. கற்றுக்கொண்ட பாடம் அது. 2023இல் மூன்று வாரத்தை நிரப்பியவர்களுக்கு இதற்கு ஒரு பத்தி கிடைக்கவில்லை. இந்தக் குறையை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இனி மற்றது. மூன்று பருவங்களில் 52 ஆட்டங்கள், 13 எதிரணிகள் என்று குழு கணக்குக் காட்டுகிறது. 30க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் என்று ஈ.எஸ்.பி.என். எழுதியபோது ஊதிப் பெருக்குகிறார்கள் என்று இதே மன்றத்தில் எழுதினேன். குறைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

செய்தி வெளியான அன்றே எங்கள் அப்போதைய உதவிப் பயிற்சியாளர் ஷெரோன் மூர், ஸ்டாலியன்ஸுடனான 52 குறுஞ்செய்திகளைத் தன் கைபேசியிலிருந்து அழித்திருக்கிறார். அவை பின்னர் மீட்கப்பட்டன. ஸ்டாலியன்ஸ் தன் கைபேசியைக் குளத்தில் எறிந்திருக்கிறார். இந்த இடத்தைப் படித்தபோது, செய்தி கசியாமல் இருந்திருந்தால் இவை அழிந்திராதே என்று வாதிடலாம் என ஒரு கணம் தோன்றியது. எழுதவும் தொடங்கினேன். அடுத்த பக்கத்துக்கு வந்ததும் அழித்துவிட்டேன். ஆதாரங்கள் அழிக்கப்பட்டதாலும் மறைக்கப்பட்டதாலும் இந்தத் திட்டத்தின் உண்மையான வீச்சு ஒருபோதும் தெரியவராது என்று குழுவே எழுதியிருக்கிறது. பாதி தெரிந்ததை வைத்து எழுதினார்கள் என்பது என் முதல் பதிவின் குற்றச்சாட்டு. மீதிப் பாதி குளத்தில் கிடக்கிறது, போட்டவர் எங்கள் ஆள்.

டல்லாஸ்_பெரியவர்

என் பக்கத்து வீட்டுக்காரரும் மறுநாள் காலை இப்படித்தான் பேசினார், தம்பி.

ஒலெண்டாங்கி_கரை

நவம்பர் 29 ஆட்டத்துக்கு ஆன் ஆர்பர் வருகிறேன். மிச்சிகன் நண்பர் சம்மதித்தால் ஆட்டத்துக்கு முன் ஒரு காப்பி குடிக்கலாம். டிக்கெட்டை என் சொந்தப் பெயரிலேயே வாங்கியிருக்கிறேன், யாஹூவிடம் சொல்லிவிடாதீர்கள்.